கம்பைத் தூக்கி வருவது யார் வேலை?

வாசகர் கேள்வி – பதில்

சிலம்பம், கராத்தே பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளைத் தொகுத்துப் பார்த்தால், சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்தான்: க்ளாஸில் சேர்த்தால் பிள்ளைக்குப் பொறுப்பு வருமா? இரண்டு கலைகளையும் கற்றுத்தரும் பயிற்சியாளர்கள் பதில் சொல்கிறார்கள்.

என் மகனுக்கு 11 வயது. ஆறு மாதமாகச் சிலம்பம் கற்கிறான். கம்பு அழகாகச் சுற்றுகிறான். ஆனால் வீட்டில் எதைக் கேட்டாலும் "நான் இல்ல, தங்கச்சிதான்" என்கிறான். தண்ணீர் பாட்டிலை மாதத்துக்கு ஒன்று தொலைக்கிறான். தற்காப்புக் கலை கற்றால் பொறுப்பு தானாக வரும் என்றார்களே?
– ஒரு தாய், பாலக்கோடு

தானாக வராதுங்க. கம்பு சுற்றுவது கைப்பழக்கம். ஆறு மாதம் சுற்றினால் யாருக்கும் வந்துவிடும். பொறுப்பு வருவது கம்பைச் சுற்றி இருக்கும் மற்ற வேலைகளில். அதனால் முதலில் நாங்கள் ஒன்று கேட்கிறோம்: க்ளாஸுக்குக் கம்பை யார் தூக்கி வருகிறார்கள்? நீங்கள் வண்டியில் கம்பைச் செருகிக்கொண்டு ஓட்ட, பின்னால் அவன் செல்போன் பார்த்தபடி வந்தால், ஆறு வருஷம் ஆனாலும் இதே கேள்வியைத்தான் எழுதுவீர்கள்.

கம்பை முழுக்க அவன் கணக்கில் விட்டுவிடுங்கள். அளவெடுப்பதிலிருந்து தொடங்கட்டும். நிமிர்ந்து நின்றால் கம்பின் நுனி புருவத்துக்கு வர வேண்டும். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய ஐந்தரை அடி. வளரும் பையன் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவனே சுவரில் கோடு போட்டு, கம்பு குட்டையாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தடிமனுக்கு ஒரு சோதனை உண்டு. கம்பைப் பிடித்தால் கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் தொட வேண்டும். தொடாவிட்டால் அந்தக் கைக்கு அது பெருத்த கம்பு. பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு சோர்ந்து நழுவும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்புக்கு அரை மணி நேரம். பழைய வேட்டித் துணியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை உருவிக்கொண்டு போகட்டும். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே சிராய் கிளம்பியிருக்கிறது. 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 220 நம்பரால் வழவழப்பாக்க வேண்டும். அடுத்து, கம்பைத் தளர்வாகப் பிடித்து அடிமுனையைச் சிமெண்ட் தரையில் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல கம்பு கணீரென்று பேசும், விரிசல் விட்டது செத்த சத்தம் போடும். மூங்கில் நீளவாக்கில் பிளக்கும். பிளந்த விளிம்பு பிளேடு மாதிரி கையைக் கிழித்துவிடும் என்பதால் அதை டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. பிரம்பு பிளக்காது, நுனியில் நார்நாராகப் பிரியும். அந்த முனையை ஓரங்குலம் அறுத்து விளிம்பை உருட்டிவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். கடைசியாக ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயைத் துணியில் நனைத்துப் பூசி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்க மறந்தால் அடுத்த க்ளாஸில் கம்பு கையில் நிற்காது. எண்ணெய் பூசிப் பளபளவென்று வைப்பதே வேலை என்று நினைத்துவிடவும் வேண்டாம். தொண்டைமானின் கொட்டிலில் மாலை சூட்டி, நெய் பூசி நின்ற வேல்களைப் பார்த்து ஔவை அடித்த கிண்டல் தகடூர்க்காரர்களுக்குத் தெரியாததா? நம் அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடந்தன!

சுவர் மூலையில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்தால் பிரம்பு வளைந்துவிடும். இரண்டு ஆணியில் படுக்கையாக வைக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே போட்டால் காய்ந்து மொறமொறத்து, ஒரே தட்டில் முறியும்.

இத்தனையும் அவன் வேலை, உங்களுடையது அல்ல. மறந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதை மாஸ்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கம்பு கொண்டு வராதவனுக்கு இரவல் கம்பு கிடையாது, திட்டும் கிடையாது. அந்த ஒரு மணி நேரமும் அவன் காலடி (கம்பில்லாமல் கால் வைக்கும் முறையைப் பழகுவது) மட்டும் போட வேண்டும். காலடி எத்தனை போட்டாலும் வீண் போகாது, அதனால் இது தண்டனையும் ஆகாது. ஆனால் மற்றவர்கள் சுற்றும்போது வெறுங்கையோடு நிற்பது உறைக்கும். "பாவம், இன்னிக்கு ஒரு நாள்" என்று நீங்கள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கம்பை எடுத்து வந்தீர்களானால் எல்லாம் போச்சு.

"தங்கச்சிதான்" விஷயத்துக்கு வருவோம். கம்பு கீழே விழுந்தால் தங்கச்சியைக் கைகாட்ட முடியாது. அது சிலம்பத்தில் இருக்கும் பெரிய வசதி. விழுந்ததும் மாஸ்டர் "ஏன் விழுந்தது?" என்று கேட்க வேண்டும். "தெரியல", "வேர்வை" என்பதை ஏற்கக் கூடாது. வேர்வை என்றால் கையைத் துடைத்திருக்க வேண்டியவன் யார்? "மணிக்கட்டைத் திருப்புறதுக்கு முன்னாடியே விரலைத் திறந்துட்டேன்" என்று தன் உடம்பில் ஓரிடத்தைக் காட்டிச் சொன்னால்தான் அது பதில். சரியான காரணம் சொன்னவனை "சரி, எடு" என்று உடனே சுற்றவிட வேண்டும். உண்மையைச் சொன்ன பிறகும் திட்டு விழுந்தால் மறுநாளே வேர்வைக் கதை திரும்பி வரும். வீட்டிலும் "யார் தொலைச்சது?" என்று கேட்காமல் "கடைசியா பாட்டிலை எங்க வச்ச?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குத் தங்கச்சி பதிலாவாள், இரண்டாவதற்கு ஆக மாட்டாள்.

என் மகள் (9 வயது) கராத்தே க்ளாஸுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனால் 50 தண்டால், சில நாள் வாத்து நடை. ஒரு நாள் பிரம்பால் அடியும் விழுந்தது. "டிசிப்ளின் வர வேண்டாமா?" என்கிறார் மாஸ்டர்.
– காவேரிப்பட்டணம் வாசகர்

அடி விழுந்த இடத்தில் பேச்சுக்கு வேலையில்லை. மகளை நிறுத்துங்கள். பள்ளிகளில் குழந்தையை அடிப்பதையும் மனதளவில் வதைப்பதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு தடைசெய்கிறது. பொறுப்பில் இருப்பவர் குழந்தையை வதைத்தால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 75-ஆவது பிரிவும் இருக்கிறது. கராத்தே உடை போட்டால் சட்டம் விலகி நிற்காது. 1098 குழந்தைகளுக்கான உதவி எண்.

அடி இல்லாமல் தண்டால் மட்டும் என்றாலும் அது தப்பான கணக்குதான். தண்டால் உடம்பை வளர்க்கும் பயிற்சி. அதையே தண்டனையாக்கினால் குழந்தை வாழ்நாளுக்கும் அதை வெறுக்கும். ஒன்பது வயதுப் பிள்ளை பத்துப் பதினைந்துக்கு மேல் போகும்போது இடுப்பு தொங்கி, பாரம் முழுக்கத் தோள் மூட்டில் இறங்கும். வாத்து நடையில் முழங்கால் முழுக்க மடங்கிய நிலையில் உடல் எடை விழுகிறது. வளரும் மூட்டுக்கு அது தேவையே இல்லை.

தாமதத்துக்குக் கராத்தேயிலேயே ஒரு முறை இருக்கிறது. வந்தவர் வாசல் ஓரம் மண்டியிட்டு அமர வேண்டும். ஆசிரியர் பார்த்துத் தலையசைத்ததும் வணங்கி உள்ளே வர வேண்டும். வரிசையில் நுழையாமல் பின்னால் நின்று, தவறவிட்ட வார்ம்-அப்பைத் தானே முடிக்க வேண்டும். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று வரிசையாக எட்டு நிமிஷம். அதன் பிறகே சேரலாம். இதில் அவமானம் எதுவும் இல்லை. சூடேறாத தசையோடு உதைத்தால் பின்தொடை பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் காரணம். மார்கழிக் குளிரில் ஓசூர், தளிப் பக்கம் காலை ஆறு மணி க்ளாஸ் நடத்துபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பயத்தையும் பொறுப்பையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மாஸ்டர் ஐந்து நிமிஷம் போன் பேச வெளியே போகும்போது வகுப்பைக் கவனியுங்கள். எண்ணிக்கை தொடர்கிறதா, கும்மாளம் தொடங்குகிறதா? இன்னொன்று: ஒன்பது வயதுப் பிள்ளையின் தாமதத்துக்குப் பாதி நேரம் காரணம் வண்டி ஓட்டி வரும் பெரியவர். அதற்கு அவள் எதற்குத் தண்டால் எடுக்க வேண்டும்?

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. வாரத்துக்கு வாரம் மாறும். 34 வயதில் கராத்தே சேர்ந்தேன். க்ளாஸ் தவறிவிடுகிறது, தவறிய வெட்கத்தில் அடுத்த க்ளாஸுக்கும் போவதில்லை. வீட்டில் தனியாகச் செய்தால், சரியாகச் செய்கிறேனா என்று யார் சொல்வார்கள்?
– ஓசூர் வாசகர்

ஷிஃப்ட் பட்டியல் கையில் வந்த அன்றே, வர முடியாத நாட்களை அல்ல, வரப்போகும் நாட்களை எழுதி மாஸ்டருக்கு அனுப்புங்கள். வாரம் ஒன்றே ஒன்று என்றாலும் பரவாயில்லை. சொன்ன நாளில் போய் நின்றுவிட்டால் வெட்கத்துக்கு இடமில்லை. முன்கூட்டிச் சொன்ன நாலு நாள் லீவு, சொல்லாமல் போட்ட ஒரு நாளைவிட மேல். நைட் ஷிஃப்ட் முடித்து வரும் நாளில் குமிட்டே (எதிராளியோடு மோதும் பயிற்சி) வேண்டாம். தூக்கமில்லாத கண் தாமதமாகப் பார்க்கும், கை அதைவிடத் தாமதமாக நிற்கும். அடி வாங்குபவர் எதிரில் நிற்பவர். "இன்னிக்கு நைட் முடிச்சு வந்திருக்கேன், அடிப்படை மட்டும்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

தனியாகச் செய்யும்போது யார் சொல்வார்கள் என்று கேட்டீர்கள். சாக்பீஸ் சொல்லும். கட்டா (தனியாகச் செய்யும், வரிசை மாறாத அசைவுத் தொகுப்பு) தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் இப்போது கற்றுக்கொண்டிருக்கக்கூடிய ஹெயான் ஷோடானையே எடுத்துக்கொள்ளுங்கள். 21 அசைவுகள். 15 அடிக்கு 15 அடி மொட்டைமாடி போதும், கைப்பிடிச் சுவர் கட்டாயம் இருக்க வேண்டும். தொடங்கும் முன் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போடுங்கள். முழுதாகச் செய்து, கடைசி அசைவிலிருந்து தயார் நிலைக்கு வந்ததும் அப்படியே நின்று குனிந்து பாருங்கள்.

கோட்டுக்கு முன்னால் நிற்கிறீர்களா? கெதான் பராயோடு (கீழ்த் தடுப்பு) திரும்பி மூன்று அகே உகேயில் (மேல் தடுப்பு) முன்னேறினீர்களே, அந்த அடிகளை நீளமாக வைத்து, திரும்பி வரும்போது மூன்று ஒய் சுக்கியின் (அடியெடுத்து வைத்துக் குத்துவது) அடிகளைச் சுருக்கிவிட்டீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். குத்த வேண்டும் என்ற அவசரத்தில் பின்னங்காலை முழுக்கக் கொண்டுவராமலே கை போய்விடும். கோட்டுக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்றால், போகும்போது சுருக்கம். தடுக்கும்போது உடம்பு தன்னையறியாமல் பின்வாங்குகிறது. பக்கவாட்டில் விலகியிருந்தால் இடப்பக்கம் போன அடிகளும் வலப்பக்கம் போன அடிகளும் சமமில்லை. அநேகமாகப் பலமில்லாத காலின் முழங்கால் போதுமான அளவு மடங்கவில்லை. ஒரு பாத நீளத்துக்குள் வந்தால் இப்போதைக்குப் போதும். ஒன்றரை, இரண்டு பாதம் விலகினால் அன்றைக்கு வேறு எதுவும் செய்யாமல் அந்த ஒரு வரிசையை மட்டும் பத்து முறை நடந்து பாருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, எத்தனை முறை செய்தேன், எத்தனை பாதம், எந்தப் பக்கம் விலகினேன், ஒரே ஒரு காரணம். "இன்னிக்கு நல்லா இருந்துச்சு" என்று எழுதாதீர்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் மூன்று முறை செய்ய ஒரு கால் மணி நேரம் போதும். செய்யாத நாளுக்கும் தேதி போட்டு "செய்யவில்லை" என்று எழுதுங்கள். விட்ட நாட்களைக் காலியாக விடுகிற நோட்டு பத்து நாளில் பரணுக்குப் போய்விடும். மாதம் ஒரு முறை அதை மாஸ்டரிடம் காட்டுங்கள். நேரில் பார்க்காமலே உங்கள் இடது காலைப் பற்றிப் பேசுவார்.

சிலம்பத் தொடுமுறைப் பயிற்சியில் என் மகன் (14) எதிரில் நின்ற பையனைத் தலையில் அடித்துவிட்டான். வீங்கிவிட்டது. "அவன்தான் உள்ள வந்தான்" என்கிறான். மாஸ்டர் "விளையாட்டுல சகஜம்" என்கிறார். யார் பொறுப்பு?
– கிருஷ்ணகிரி வாசகர்

முதலில் அடிபட்ட பையன். தலையில் அடி என்றால் அன்றைக்கு அவனுக்குப் பயிற்சி முடிந்தது, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும். வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறல், மயக்கம் இதில் ஒன்று இருந்தாலும் 108. எதுவும் இல்லாவிட்டாலும் அந்த ராத்திரி வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும். மருத்துவர் சரி என்ற பிறகுதான் மறுபடியும் மோதல். வீக்கத்துக்கு ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் வைக்கலாம், நேராகத் தோலில் வைக்கக் கூடாது.

அடுத்தது மாஸ்டர். தலைக்கவசம் இல்லாமல் அந்த வேகத்தில் மோதவிட்டிருந்தால் முதல் பொறுப்பு அவருடையது. சகஜம் என்ற சொல் அதை மறைக்காது. தொடுமுறையில் கம்பு தொட்டால் புள்ளி, உடைத்தால் அல்ல. நிறுத்தத் தெரியாதவனை எதிராளி முன் நிறுத்தியது யார்?

நிறுத்தத் தெரிகிறதா என்று பார்ப்பது இப்படி: கொடிக் கயிற்றில் ஒரு செய்தித்தாளைத் தோள் உயரத்தில் தொங்கவிடுங்கள். பையன் முழு வேகத்தில் வீசி, தாளுக்கு ஒரு விரற்கடை முன்னால் கம்பை நிறுத்த வேண்டும். தாள் கிழியக் கூடாது, கம்பு வீசிய காற்றில் அசையலாம். வலம் பத்து, இடம் பத்து. இரண்டு பக்கமும் எட்டு முறையாவது நிறுத்தாதவன் ஜோடிப் பயிற்சிக்குத் தயார் இல்லை. பெரும்பாலான பையன்களுக்கு வலது நிற்கும், இடது தாளைக் கிழிக்கும். சுற்றுவதற்குக் கை தட்டு கிடைக்கிறது, நிறுத்துவதற்கு யாரும் தட்டுவதில்லை. அதனால்தான் அதை யாரும் பழகுவதில்லை.

இனி உங்கள் மகன். "அவன் உள்ள வந்தான்" என்பது பொய்யாக இருக்காது. எதிராளி உள்ளே வருவான், அதற்குத்தான் அவன் எதிராளி. அவன் வரும்போது கம்பு எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. இந்த வயதில் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. கண் எதிராளியின் கம்பு நுனியைத் துரத்தியிருக்கும். நுனி கண்ணைவிட வேகம். மார்பைப் பார்த்தால் தோள் அசைவதிலேயே அவன் வருவது தெரிந்துவிடும். இல்லையென்றால் வேகம் ஏறியிருக்கும். மெதுவாகத் தொடங்கிய ஜோடி மூன்றாவது நிமிஷத்தில் முழு வேகத்தில் இருக்கும். கேட்டால் இரண்டு பேருமே "அவன்தான் ஏத்துனான்" என்பார்கள். ஒருவன் "மெதுவா" என்றால் இருவரும் அந்த நொடியே வேகத்தைக் குறைக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது என்று விதி வைத்துவிட்டால் இந்த வழக்குக்கே வேலையில்லை.

கராத்தேயின் ஜோடிப் பயிற்சியில் இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. அடிப்பவர் முன்கூட்டியே "ஜோதான்" என்றால் முகத்துக்கு, "சூதான்" என்றால் நடு உடம்புக்கு என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சொன்ன இடத்துக்கே அடிக்க வேண்டும். வேறு இடத்தில் பட்டால் தவறு யாருடையது என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. சிலம்ப மாஸ்டர்களும் "தலை", "விலா", "கால்" என்று சொல்லி அடிக்கும் இந்த வழக்கத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு எச்சரிக்கை: நண்பனுக்கு வலிக்கக் கூடாதென்று வேண்டுமென்றே ஓர் அடி தள்ளி வீசுவதும் தவறுதான். எதிராளி தடுக்காமலே தப்பி, தான் தடுத்ததாக நினைத்துக்கொள்வான். போட்டியில் அது தெரியும்.

உங்கள் மகன் செய்ய வேண்டியது: அந்தப் பையன் வீட்டுக்குப் போய் "நான் கம்பை நிறுத்தல" என்று சொல்ல வேண்டும். நீங்கள் கூடப் போகலாம், அவனுக்காகப் பேசாதீர்கள்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கராத்தே கற்ற தைரியத்தில் பள்ளியில் கை நீட்டுகிறான். க்ளாஸில் தினமும் உறுதிமொழி சொல்கிறார்களாம். பிறகு ஏன்?
– ஒரு ஆசிரியை, ஊத்தங்கரை

கராத்தேயில் ஒரு பிரிவான ஷோட்டோகான் பள்ளிகளில் சொல்லப்படும் ஐந்து வரி உறுதிமொழியின் கடைசி வரியே முரட்டுத்தனத்தை அடக்கு என்பதுதான். சொல்வதால் வந்துவிடுமென்றால் நம் பள்ளி உறுதிமொழியே போதுமே! நடைமுறையில் பலிப்பது வேறு. வெளியில் கை நீட்டினால் அடுத்த க்ளாஸ் தொடங்கும் முன் அவனே மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். தானாகச் சொன்னால் இரண்டு வாரம் குமிட்டே இல்லை. உங்கள் மூலம் தெரிந்தால் இரண்டு மாதம் இல்லை, அடுத்த பெல்ட் பரீட்சையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருந்தால்தான் சொல்லத் தோன்றும். மாஸ்டரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு வாங்கினீர்கள் என்று பையனுக்கும் தெரியட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், ஒவ்வொரு முறையும் பரீட்சைக் கட்டணம். இதுவரை யாரும் ஃபெயில் ஆனதில்லை. நல்ல க்ளாஸா? சர்டிஃபிகேட் வேலைக்கு உதவுமா?
– போச்சம்பள்ளி வாசகர்

யாருமே ஃபெயில் ஆகாத பரீட்சையில் கொடுப்பது சர்டிஃபிகேட் அல்ல, ரசீது. 1882-இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோதான் ஜூடோவில் டான் தரங்களை (கறுப்பு பெல்ட் படிநிலைகள்) கொண்டுவந்தவர். கறுப்பு பெல்ட்டும் அங்கிருந்துதான் கராத்தேவுக்கு வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் பின்னால் சேர்ந்தவை. பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும், தப்பில்லை. மாஸ்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: அடுத்த பெல்ட்டுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று எழுத்தில் தருவாரா? தேறாதவருக்கு எந்த அசைவில் என்ன பிழை, எப்போது மறுபரீட்சை என்று குறித்துத் தருவாரா? இரண்டுக்கும் மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். மறுபரீட்சைக்கு இன்னொரு முழுக் கட்டணம் கேட்டால் நன்றாகவே புரிந்துகொள்ளுங்கள். பிள்ளை தேறாதபோது நீங்கள் போய்ப் பரிந்து பேசுவதும் இந்த வியாபாரத்தில் ஒரு பங்குதான்.

வேலை விஷயம்: தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கணக்கில் வருவது பெல்ட் அல்ல, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பெற்ற இடம். எந்தப் போட்டி, எந்தச் சங்கம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஊரில் வாரம் ஒரு நாள்தான் வாத்தியார் வருவார். மற்ற நாளில் பெரிய பையன்களே சின்னவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். 25 பேர், கோயில் முன் 40 அடி சதுரத் திடல். மாங்காய் சீசனில் பாதிப் பேர் தோப்புக்குப் போய்விடுகிறார்கள். ஒழுங்காக நடத்துவது எப்படி?
– அரூர் வாசகர்கள்

முதலில் இடக் கணக்கு. பெரியவர் ஒருவர் கையை நீட்டிச் சுற்றினால் கம்பு நுனி அவரிடமிருந்து ஆறடிக்கு மேல் போகும். ஏழடி என்று வைத்தால் இரண்டு பேருக்கு நடுவே 14 அடி வேண்டும். 40 அடித் திடலில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று பேர், ஆக ஒரே நேரத்தில் ஒன்பது பேருக்கு மேல் கம்பு சுற்றக் கூடாது. ஒன்பது இடத்திலும் சுண்ணாம்பால் புள்ளி வையுங்கள். 25 பேரை மூன்று குழுவாக்கி, ஒன்று சுற்ற, ஒன்று திடலுக்கு வெளியே காலடி போட, மூன்றாவது உட்கார்ந்து பார்க்கட்டும். பார்ப்பதும் வேலைதான். ஒவ்வொருவரும் சுற்றுபவர்களில் ஒருவரை மட்டும் கவனித்து, முடிந்ததும் அவரிடம் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு மாற்றம்.

பெரிய பையன் ஒருவனுக்கு நாலு சின்னவர்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்த நாலு பேரின் கம்பையும் க்ளாஸுக்கு முன் துணி போட்டு உருவிப் பார்ப்பது அவன் வேலை. விரிசல் கம்போடு ஒருவன் உள்ளே வந்தால் வாத்தியார் கேட்க வேண்டியது பெரியவனை. மோதிரம், வாட்ச், கயிறு கழற்றியாச்சா என்பதும் அவன் பார்க்க வேண்டியது. கம்படி அதிகம் விழுவது விரலில்தான். மோதிரம் போட்ட விரல் வீங்கினால் மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வேலையைக் கொடுத்த கையோடு அதிகாரத்துக்கு ஓர் எல்லையும் வையுங்கள். பெரியவன் பிழையைத் திருத்தலாம், நிறுத்தி உட்கார வைக்கலாம், தண்டனை தரக் கூடாது. புதிய அடவு கற்றுத்தரவும் கூடாது. அரைகுறையாகப் படிந்த அடவைத் திருத்துவது புதிதாகக் கற்றுத்தருவதைவிட வாத்தியாருக்கு இரண்டு மடங்கு வேலை.

திடலைத் துப்புரவாக்குவது எல்லோர் வேலை என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். வாரம் ஒரு குழு என்று பலகையில் எழுதிவிடுங்கள். சுற்றுவது வெறுங்காலோடு. சீமைக் கருவேல முள், பாட்டில் சில்லு, திருவிழா பந்தல் போட்டவர்கள் விட்டுப்போன ஆணி மூன்றும்தான் அதிகம். வரிசையாக நின்று தோளோடு தோள் ஒரு முறை நடந்து பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை.

மாங்காய் சீசன் போனவர்களைக் குறை சொல்லாதீர்கள், அது வீட்டுச் சோறு. தோப்பில் காலை முழுக்கத் தோட்டி பிடித்துக் காய் பறித்தவனுக்குத் தோள் ஏற்கெனவே சோர்ந்திருக்கும். சாயங்காலம் அவனுக்குக் காலடி மட்டும். சீசன் முடிந்து வருபவர்களை மற்றவர்களோடு உடனே மோதவிடாமல் முதல் வாரம் தாள் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

ஐந்தரை அடிக் கம்பை டவுன் பஸ்ஸில் கொண்டு போவது எப்படி? கண்டக்டர் திட்டுகிறார்.
– ஒரு மாணவி, பென்னாகரம்

திட்டுவதில் நியாயம் இருக்கிறது. நிமிர்த்திப் பிடித்தால் பிரேக் போடும்போது பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்குப் போகும். பழைய ஜீன்ஸ் காலில் ஒரு நீள உறை தைத்துக்கொள்ளுங்கள், இரண்டு முனைக்கும் ரப்பர் குப்பி மாட்டுங்கள் (நாற்காலிக் காலுக்குப் போடுவது, பாத்திரக் கடையில் கிடைக்கும்). கடைசி நீள சீட்டின் அடியில் குறுக்காகப் படுக்க வைத்து, கால் படும்படி உட்காருங்கள். ஏறும்போதே கண்டக்டரிடம் "அண்ணா, சிலம்பக் கம்பு, கடைசி சீட்டுக்கு அடியில வச்சுக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். கூட்டமான பஸ் என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். அதற்காக இருபது நிமிஷம் முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.